மதினி பிடித்த கெண்டை

போன கிழமை என் மகள் கலா கனடாவிலிருந்து போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மருமகன் ஏரியில் மீன் பிடிக்கிறார். மோட்டார் வைத்த படகு, சக்கரம் பூட்டிய தூண்டில், தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மீன் தண்ணீருக்கு அடியில் எங்கே நிற்கிறது என்று காட்டுவதற்கு டீவி மாதிரி ஒரு சின்னப் பெட்டி வேறு. இவ்வளவும் இருந்தால் மீன் தானாகவே படகில் ஏறி உட்கார்ந்துகொள்ளாதா என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தேன். ஒன்று வந்தது. பச்சை நிறம், அகல வாய், நல்ல கனம். பாஸ் என்று பேராம். மருமகன் அதன் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கி, பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு குனிந்து அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார். அது வாலால் ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டது.

நான் உடனே கலாவைக் கூப்பிட்டேன்.

"என்னாடி, கை வழுக்கிருச்சா அவருக்கு?"

"இல்லம்மா, வேணும்னுதான் விட்டாரு. இங்க அப்பிடித்தான். புடிப்பாங்க, படம் எடுப்பாங்க, விட்டுருவாங்க."

"அப்ப கறிக்கு?"

"கறிக்குக் கடையில வாங்குவோம்."

சரி என்று போனை வைத்துவிட்டேன். அவரவர் ஏரி, அவரவர் மீன். நமக்கென்ன.

ஆனால் பாருங்கள், போனில் எல்லாம் வருகிறது, வாசம் மட்டும் வருவதில்லை. ஏரி மீனுக்கு ஒரு வாசம் உண்டு. கடல் மீனின் கவிச்சி வேறு, இது வேறு. சேறும் பாசியும் கலந்த வாசம். மழை விட்ட பிறகு தேயிலைக் கொழுந்துச் சாக்கை உதறினால் ஒன்று வருமே, அதில் பாதி இதிலும் இருக்கும். அந்தப் பச்சை மீன் துள்ளியபோது எனக்கு அந்த வாசம் வந்துவிட்டது. கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. கலா அப்போது என் வயிற்றில் இருந்தாள். ஏழாம் மாதம். ஏரியும் தூண்டிலும் அவளுக்குக் கனடாவில் அறிமுகமானவை இல்லை என்பதை அவளுக்கு நான் இன்னும் சரியாகச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் பிறந்தது இறம்பொடைப் பக்கம். அங்கே தண்ணீர் விழும், நிற்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். கட்டிக்கொடுத்தது காசல்ரீ ஏரிக்கரைத் தோட்டத்தில். அங்கே தண்ணீர் நிற்கும், விழாது. வந்த புதிதில் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை. லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், அதாவது ஒற்றை அறைகள். அதில் எங்கள் காம்பராவும் மதினியின் காம்பராவும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, பாக்கியம். மலையில் அவரைப் போல வேகமாகக் கொழுந்து எடுக்கிற கை அந்தத் தோட்டத்தில் இல்லை. இதை நான் சொல்கிறேன் என்றால் நம்பலாம். ஏனென்றால் அடுத்த கை என்னுடையது.

அப்படிப்பட்ட கைதான் என் கலியாணத்தைக் கெடுத்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் தாலி கட்டி முடிந்ததும் வெற்றிலைத் தட்டைப் பெண்ணைப் பெற்றவருக்குத்தான் முதலில் நீட்ட வேண்டும். அவர் எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. தட்டைத் தூக்கி வந்தவர் மதினி. அப்பாவுக்கு முன்னால் வந்து குனியப்போகிற நேரம் பார்த்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பந்தலுக்குள் நுழைந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மதினி தினமும் அந்த மனிதருக்கு முன்னால் போய்க் கொழுந்துக் கூடையை நீட்டுகிறவர். அவர் தலையைக் கண்டால் கை தானாக நீளும். அப்பாவுக்கு நேரே வந்த தட்டு அப்படியே திரும்பி அவரிடம் போய்விட்டது. அவரும் யோசிக்காமல் வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுகிற வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பேர். ஒரே வெட்டு, சரிவாக, பட்டை கிழியாமல் விழ வேண்டும். பேச்சும் அப்படித்தான். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அவருதான் சம்பந்தி போல. பந்தியில அவர உக்கார வைக்கச் சொல்லு. நீ வா."

கை நனைக்காமல் போய்விட்டார். நம் சனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சோறு தின்று கை கழுவினால்தான் அது உறவு வீடு. பெண்ணைக் கொடுத்துவிட்டு, தின்னாமல் போனால், பெண் அங்கே இருப்பாள், உறவு இருக்காது. அதன் பிறகு என் ஆட்கள் யாரும் அந்த லயத்துப் படியை மிதிக்கவில்லை. ஒரு தீபாவளி போனது, ஒரு பொங்கல் போனது, ஒருவரும் வரவில்லை. நானும் லேசுப்பட்டவள் இல்லை. மதினியோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தேன், ஊற்றுத் தண்ணீர் வருகிற ஒரே பீலியில் குடம் பிடித்தேன், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நான் முழுகாமல் இருந்தேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டார் வந்து கூட்டிப்போவது வழக்கம். கோபம் எவ்வளவு இருந்தாலும் அதற்கு அப்பா வந்துதான் ஆக வேண்டும். இறம்பொடைப் பக்கம் போய்வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மனிதர் வந்து ஒப்பித்தார்: "ஞாயித்துக்கெழம வருவாராம். உள்ளுக்கு வர மாட்டாராம். வாசல்ல நிப்பாராம். புள்ளைய பொட்டியோட ரெடியா நிக்கச் சொன்னாரு, அடுத்த பஸ்ஸுலயே போகணுமாம்."

நான் அழவில்லை. அன்றைக்குக் கொழுந்து மட்டும் கொஞ்சம் குறைந்தது.

யோசித்துப் பாருங்கள். வாசலில் நின்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காத அப்பாவோடு நான் புறப்பட்டுப் போனால், பிறகு பிள்ளையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வருவது? பிள்ளைக்குப் பேர் வைக்க யார் வருவார்? தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டாமா? அந்தத் தடவை அப்பா கை நனைக்கவில்லை என்றால் இனி எந்தத் தடவையும் இல்லை. எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

சனிக்கிழமை பீலியடியில் மதினி தன் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். அதுவே புதிது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மாமாவுக்கு என்னா கறி புடிக்கும்?"

"அவரு உள்ளுக்கே வர மாட்டாராம். கறிய வாசல்ல ஊத்தவா?"

"கேட்டதுக்குச் சொல்லு புள்ள."

"மீனு. ஆனா எங்க பக்கம் நல்ல மீனு ஏது. சைக்கிள்ல வந்து சேர்றதுக்குள்ள அதுக்குக் கண்ணு வெளுத்துரும்."

"அப்ப ஏரிக்குப் போவோம்."

கோழி அடித்திருக்கலாமே என்பீர்கள். அந்த வருஷம் மாவுக்கும் அரிசிக்கும் தோட்டங்களில் பட்ட பாடு உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். கோழிக்குப் போடத் தீனி இல்லை. இருந்ததை எல்லாம் முன்பே அடித்துத் தின்று முடித்தாயிற்று. பருப்பையும் ரொட்டியையும் காட்டி எங்கள் அப்பாவைப் படியேற்ற முடியாது. மீன் குழம்பு கொதிக்கிற வாசம் வந்தால் ஒருவேளை ஏறுவார்.

சரி, மீன் பிடிப்பது யார்? இதில்தான் வந்தது வில்லங்கம். அந்த லயத்திலேயே நல்ல தூண்டில்காரர் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை கரையில் போய் உட்கார்ந்தால் வெறுங்கையோடு வர மாட்டார். ஆனால் பெண்சாதி முழுகாமல் இருக்கும்போது புருஷன் ஒரு உயிரைக் கொல்லக் கூடாது, முடி வெட்டக் கூடாது, முகம் வழிக்கக் கூடாது. அத்தனை மாதமாகத் தூண்டில் கூரையில் சொருகியபடி கிடந்தது. தாடி நெஞ்சுக்கு வந்துவிட்டது. தாடிகூட அவருக்குப் பெரிதில்லை. ஏரியைப் பார்க்கிறபோதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பாவமாக இருக்கும்.

"பக்கத்து லயத்துல யாரையாச்சும் கேக்கட்டுமா?" என்றார்.

"ஒருத்தரும் வேணாம். கெடுத்தது நானு. நானே புடிக்கிறேன்" என்றார் மதினி.

"ஒனக்குத் தூண்டில் புடிக்கத் தெரியுமாக்கா?"

"மீனுக்கு வாயி இருக்கு, எனக்குக் கையி இருக்கு. இதுல என்னா தெரிய வேண்டிக் கெடக்கு?"

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு இல்லை. பனி விலகுவதற்கு முன்பே மூன்று பேரும் இறங்கினோம். புறப்படும்போது வாசலிலேயே ஒரு வழக்கு. தூண்டிலுக்கு மண்புழு தோண்டலாமா, கூடாதா?

"புழு உசுரு இல்லியா?" என்றார் மதினி.

"உசுருதான். ஆனா சின்ன உசுரு" என்றார் இவர்.

"ஓம் பொண்டாட்டி வயித்துல இருக்கிறதும் சின்ன உசுருதான். பேசாம வா."

ஆகவே மாவு. மனிதருக்கே மாவு இல்லாத நாளில் மீனுக்கு மாவு. ஒரு கைப்பிடி எடுத்து வெந்நீர் தெளித்துப் பிசைந்து, இலையில் சுற்றி மதினி மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு உருண்டை ஒரு ரொட்டியாகியிருக்கும். போகிற வழியில் அதன் வாசம் எனக்கு வந்துகொண்டே இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி வயிறு. மீனாகப் பிறந்திருக்கலாமோ என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

ஏரியில் தண்ணீர் இறங்கியிருந்த காலம். கரை சிவப்பாக வெடித்துக் கிடந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பழைய மரக்கட்டைகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. கட்டையடியில்தான் கெண்டை நிற்கும் என்று இவர் இடம் காட்டினார். காட்டிவிட்டு மேலே ஏறிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கக்கத்தில் சொருகிக்கொண்டார். மூங்கில் கம்பு, தங்கூசி நூல், போத்தல் மூடித் தக்கை, முள்ளுக்கு வளைத்த ஒரு ஊக்கு. அவ்வளவுதான் எங்கள் மோட்டார் படகு.

மதினி மாவைக் கோத்துப் போட்டார். தக்கை நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு லேசாக ஆடியது. ஆடினதுதான் தாமதம், மதினியின் கை விசுக்கென்று மேலே போய்விட்டது. வெறும் ஊக்கு வெயிலில் மின்னியது. மாவைக் காணோம்.

"அக்கா! கொழுந்து கிள்ளாதக்கா!" என்று மேலேயிருந்து குரல்.

"ஆடுச்சுல்ல?"

"ஆடும். அது மோந்து பாக்குது. முழுங்குற வரைக்கும் வுடணும். தக்கை தண்ணிக்குள்ள போவணும். அப்பறந்தான் இழுக்கணும்."

மறுபடி போட்டார். மறுபடி ஆடியது. மறுபடி விசுக். இப்படியே போனது. குறை சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்து கண் பார்த்தவுடன் கை போக வேண்டும் என்றே பழக்கிவைத்த கை. கண்ணுக்கும் கைக்கும் நடுவில் யோசனை வந்தால் கூடை நிரம்பாது. அந்தக் கையிடம் போய் இப்போது பொறு என்றால் அது எப்படிக் கேட்கும்? மடியில் இருந்த மாவு எலுமிச்சங்காய் அளவாகி, பிறகு பாக்கு அளவாகிவிட்டது.

"அந்தக் கையக் கட்டிப் போட்டுட்டு எடது கையில புடிக்கா!"

"நீ வாய மூடுறியா? தாடிக்காரன் சத்தத்துக்குத்தான் மீனு ஓடுது."

"நான் தொட்டிருந்தா இந்நேரம் நாலு மீனு கெடக்கும்."

"தொட்டுப் பாரு. ஓம் புள்ள மீனு மாதிரி வாயத் தொறந்துக்கிட்டுப் பொறக்கட்டும்."

நான் சிரித்துவிட்டேன். கலியாணத்துக்குப் பிறகு மதினி பேசி நான் சிரித்தது அன்றைக்குத்தான். மதினி திரும்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. கடைசி மாவைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் போனா என்னா புள்ள செய்யிறது?" என்றார் மெதுவாக. "எங் கைதான் அன்னைக்கும்."

நான் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காருவதே பெரிய பாடு, வயிறு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். தூண்டிலை நான் தொடக் கூடாது, புருஷனுக்கு உள்ள முறை எனக்கும் உண்டு. ஆனால் மதினியின் கையைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அவர் கம்பைப் பிடித்தார், நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கொழுந்துக் காம்பு கீறிக் கீறிக் காய்த்துப்போன கை. நரம்பு துடிப்பது தெரிந்தது.

தக்கை ஆடியது. மணிக்கட்டு எகிறியது. நான் அழுத்தினேன். மறுபடி ஆடியது. மறுபடி எகிறியது, மறுபடி அழுத்தினேன். மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை, இவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். தக்கை ஒருபக்கமாகச் சாய்ந்து கொஞ்ச தூரம் நடந்து போனது. பிறகு சட்டென்று காணாமல் போய்விட்டது.

"இப்ப! இப்ப!" என்று மூன்று பேருமே கத்தினோம். நான் கையை விட்டேன்.

மூங்கில் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. மதினி எழுந்து, பின்னால் சரிந்து, மறுபடி எழுந்து, கம்பையே போட்டுவிட்டு நூலைக் கையில் சுற்றிக்கொண்டு ஏரிக்குள் இறங்கிவிட்டார். இடுப்பில் கட்டுகிற கொழுந்துப் படங்கைக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார். அதை விரித்து மீன்மேல் போட்டு, பிள்ளையை அள்ளுவது போல அள்ளி நெஞ்சோடு கட்டிக்கொண்டார். இவர் கல்லிலிருந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து முழங்கால் தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டார். வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. போலீஸ் பிடித்தவர் போல இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் அந்த நிலைதான் வரும்.

கெண்டை. மதினியின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருந்தது. கொண்டுபோயிருந்த வாளியில் ஏரித் தண்ணீர் பிடித்து உயிரோடு விட்டோம். தூக்கலாமா என்று இவர் கேட்டார். தூக்கினால் செத்துப்போகாது என்று மதினி தீர்ப்புச் சொன்னார். மேட்டில் ஏறுகிற வழியெல்லாம் இவர் அதோடு பேசிக்கொண்டே தூக்கி வந்தார்.

வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தேன், மிளகாய் அரைத்தேன், கொரக்காப்புளி ஊறப்போட்டேன். மதினி மீனை வெட்டுவார் என்று பார்க்கிறேன், வெட்டவில்லை. வாளியை இஸ்தோப்பில் வைத்து, முறத்தால் மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு ஈரச் சேலையை மாற்றப் போய்விட்டார். லயத்தில் இஸ்தோப்பு என்றால் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற சின்னத் தாழ்வாரம்.

"மதினி, மீன வெட்டலியா? வந்துருவாரே."

"இரு புள்ள. தலை சீவிக்கிறேன்."

பிறகு கேட்டால், "இரு புள்ள, வாசலக் கூட்டிட்டு வர்றேன்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவும் பாடுபட்டுவிட்டு இப்படி மசமசவென்று நிற்கிறாரே என்று.

அப்பா வந்துவிட்டார். பழைய கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, கையில் குடை. வாசலில் நடுவே வந்து நின்றார். படிக்குப் பத்தடி தள்ளி. அளந்து நின்றது போல இருந்தது.

"கௌம்பலாமா தாயி?"

"வாங்க மாமா" என்றார் இவர். அப்பா அவர் தாடியை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

மதினி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "தண்ணி குடிங்க மாமா."

"பஸ்ஸுல குடிச்சேன்."

பஸ்ஸில் யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. நான் பெட்டியை எடுத்து வந்து படியில் வைத்தேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது முறம் படார் என்று விழுந்தது. கல் உருண்டது. கெண்டை வாளியிலிருந்து எகிறி, இஸ்தோப்பில் வழுக்கி, படி இறங்கி, நேரே அப்பாவின் காலடிக்குப் போய்த் துள்ளியது. அப்பா ஒரு எட்டுப் பின்னால் போனார், பிறகு குடையால் அதைத் தடுத்தார்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? புடிங்க!"

"தொடக் கூடாதுங்க மாமா" என்றார் இவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"நானும் தொடக் கூடாதுப்பா" என்றேன்.

மதினி கத்தியோடு வந்தார். "ஒங்களுக்குன்னுதாங்க மாமா புடிச்சோம். வெட்டத்தான் ஆளில்ல. எனக்கு மீனு வெட்டிப் பழக்கமில்ல."

ஞாயிற்றுக்கு ஞாயிறு தம்பி பிடித்துவந்த மீனை எல்லாம் வெட்டினவர் இதைச் சொல்கிறார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மீனைப் பிடித்துக் கல்லில் வைத்தார். வாலைப் பிடித்துக்கொண்டு கத்தியைத் தலைகீழாக ஓட்டினார். மீன் வழுக்கியது. மறுபடி வைத்து, கத்தியின் முதுகால் தேய்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு கத்தியைப் பார்த்தார். பார்த்த பிறகு அவரால் முடியவில்லை.

"ஏய்... ஏய்... விரல வெட்டிக்குவ. தள்ளு. கொண்டா அத."

கத்தியை வாங்கிக் கட்டைவிரலால் தடவினார்.

"இது கத்தியா, கரண்டியா? மாப்புள்ள, தீட்டுக்கல்லு இருக்கா?"

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இவர் கல்லைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினதில் வாசல்படியில் தலையை இடித்துக்கொண்டார். அப்பா கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்தார். தீட்டினார், தடவிப் பார்த்தார், மறுபடி தீட்டினார். பிறகு மீனைத் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், அது அடங்கியது. செதில் எடுத்து, வயிற்றைக் கீறி, துண்டு போட்டார். ஒவ்வொரு துண்டும் ஒரே வெட்டு. செடி வெட்டுகிற மாதிரியே சரிவாக இருந்தது.

கை கழுவத் தண்ணீர் ஊற்றியது மதினி. துடைக்கத் துண்டு கொடுத்தது நான். குழம்பு கொதிக்கத் தொடங்கியது. வளைவில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு கீழே போனது.

"பஸ்ஸு போயிருச்சுங்க மாமா" என்றார் மதினி.

"கேக்குது."

இலை போட்டோம். உட்கார்ந்தார். கூப்பன் அரிசிச் சோறு, கெண்டைக் குழம்பு. பிசைந்து முதல் வாயை வைக்கிற வரைக்கும் அந்தக் காம்பராவில் யாரும் அசையவில்லை. விழுங்கினார். "கொரக்கா கொஞ்சம் கூட" என்றார். இரண்டாவது தடவையும் சோறு வாங்கினார்.

சாப்பிட்டு எழுந்ததும் மதினி வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து அப்பாவுக்கு முன்னால் குனிந்து நின்றார். இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அப்பா உடனே எடுக்கவில்லை.

"இப்ப கணக்கப்புள்ள வந்தா என்னா செய்வ?"

"ரோட்டப் பாத்துட்டுத்தாங்க மாமா தட்டையே எடுத்தேன். ஒருத்தரும் வரல்ல."

அப்பா சிரித்தார். பெரிதாக இல்லை, மூக்கால் ஒரு சத்தம். வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அன்று இஸ்தோப்பிலேயே கம்பளி போர்த்திப் படுத்து, விடிந்துதான் என்னைக் கூட்டிப்போனார்.

புறப்படுவதற்கு முன் பீலியடியில் மதினியிடம் கேட்டேன். "மீனு வெட்டத் தெரியாதா ஒங்களுக்கு?"

"ஒங்கப்பா தீட்டி முடிக்கிறதுக்குள்ள நான் கொழம்பே வச்சிருப்பேன்."

"அப்பறம் ஏன் அப்பிடி?"

"மீனு மட்டும் புடிச்சாப் போதுமா புள்ள?" என்றார். குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைக்கப் போனவர், வயிற்றைப் பார்த்துவிட்டுத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார்.

கலா பிறந்து முப்பதாம் நாள் இவர் தாடியை வழித்துவிட்டு அந்தக் கையோடு ஏரிக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். பேர் வைக்க எல்லோரும் வந்தார்கள். என் தம்பி மடியில்தான் அவளுக்குக் காது குத்தியது. ஊசி குத்தியபோது அவள் போட்ட சத்தத்தில் மீன் வாய் ஒன்றும் இல்லை என்று நிச்சயமாகிவிட்டது.

இப்போது அப்பாவும் இல்லை, மதினியும் இல்லை, கையைத் தூக்கிக்கொண்டு நின்ற மனிதரும் இல்லை. அந்த லயத்தில் பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஏரிக்கரையில் விடுதிகள் வந்துவிட்டன. பெண்சாதி முழுகாமல் இருந்தால் தாடி வளர்க்கிற பையன்களை நான் காணவில்லை, சும்மாவே எல்லோரும் தாடி வைத்திருக்கிறார்கள். ஏரி மட்டும் மழைக்கு ஏறுகிறது, வெயிலுக்கு இறங்குகிறது. மரக்கட்டைகள் இன்னும் தலை நீட்டுகின்றன.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஹட்டனில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். கலியாண ஹோல் வாடகைக்கு எடுத்துச் செய்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. குழாய் வைத்த தொட்டியில் கை கழுவினோம். சாப்பாட்டை வரிசையில் நின்று நாமே போட்டுக்கொண்டோம். பெண்ணைப் பெற்றவரும் என் பின்னால் தட்டோடு நின்றார். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு மேசை போட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, இனிப்பு எல்லாம் அடுக்கி வைத்திருந்தது. வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் ஒரு நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாராவது தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் குனிவார்கள் என்று பார்த்தேன். வரவில்லை. எழுந்து, வெற்றிலை எடுக்காமலே வந்துவிட்டேன். யாரும் அதைக் கவனிக்கவில்லை.